அத்தையின் கதவுக்கு அதிகாரி

என் வாழ்க்கையில் நான் வகித்த ஒரே பெரிய பதவி ஒன்பது வயதில் கிடைத்தது. இன்று கச்சிபௌலியில் எட்டாவது மாடியில் வேலை பார்க்கிறேன். அங்கே என் பேச்சை லிஃப்ட்கூடக் கேட்பதில்லை. அன்று லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு கதவு முழுக்க என் பொறுப்பில் இருந்தது. உள்ளே அத்தை படுத்திருந்தாள்.

அப்பாவின் தங்கை. ஒர்க்‌ஷாப் ஆபீசில் டைப்பிஸ்ட். கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதையும் இரண்டாவது முறை கேட்டதில்லை. வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்ததும் முதல் முறை கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். எல்லாம் ஹாலில் முடிவாகும். அறைக்குள் தீர்ப்பு மட்டும் போகும்.

போதாததற்கு ஜெபக்காரர்கள். எங்கள் சபையில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் போதும், ஆராதனை முடிந்த கையோடு ஆரஞ்சுப் பையும் வேதாகமமுமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆளுக்கு அரைமணி. கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆண்டவருக்கே வழி சொல்லி, "தைரியமா இருங்க" என்று அழுதுவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து தரும் குழு ஒன்று வாரம் இருமுறை வரும். நர்ஸ் மாத்திரை பார்ப்பார். கூடவே ஸ்கூட்டியில் ஒரு சோஷியல் ஒர்க்கர் அக்கா வருவார். தெலுங்குக்காரர், எங்களோடு பழகி, அவர் தமிழும் எங்கள் தமிழ் அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. மருந்தே தராமல் கேள்வி மட்டும் கேட்கிறவருக்கு எதற்குச் சம்பளம் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

ஒருநாள் அவர் கேட்டார்: "மேடம், உங்களுக்கு என்ன வேணும்?"

அத்தை யோசிக்கவே இல்லை. "இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்."

உள்ளே தாழிட்டால் ஆபத்து. அதனால் அக்கா என் நோட்டு அட்டையைக் கிழித்து, ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் சிவப்பும் தீட்டி, நூல் கட்டிக் கதவில் தொங்கவிட்டார். பச்சை என்றால் வரலாம். சிவப்பு என்றால் போதகரானாலும் வரக்கூடாது. எந்த நிறம் என்பது அத்தையின் இஷ்டம். திருப்பி மாட்டுவது என் உத்தியோகம்.

பதவி வந்ததும் லஞ்சமும் வந்தது. ஒரு ஜெபக்கார அம்மா நீட்டிய இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டுக்குச் சிவப்பைப் பச்சையாக்கினேன். மூன்றாம் நாளே அகப்பட்டேன்.

"ஏட்டி, நான் சிவப்புன்னுல்லா சொன்னேன்? அந்தம்மா எப்படி உள்ள வந்தா?"

"பாவமா இருந்துச்சு அத்தை."

"பாவப்பட்டா வாயில பிஸ்கட் தூளு ஒட்டுமாக்கும்?"

உத்தியோகம் போச்சு என்று அழுதேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "என் உடம்பு நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. வீட்டுல உள்ளவங்களும் கேக்க மாட்டேங்காங்க. இந்தக் கதவாவது கேக்கட்டும்ட்டி."

அடுத்த சனிக்கிழமை லோத்குண்டாவிலிருந்து பெரியப்பா காரோடு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லியாகிவிட்டது, இன்னொரு சுற்று மருந்து ஏற்றலாம் என்று ஹாலில் முடிவானது. அட்டையில் சிவப்பு.

"தள்ளுட்டி."

"நக்கோ பெரியப்பா, போகக்கூடாது. சிவப்பு."

"அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும். கார் நிக்குது."

"அத்தைகிட்ட கேட்டீங்களா?"

வீரத்தில் கேட்கவில்லை, எல்லாரிடமும் கேட்கிற வழக்கமான கேள்விதான். ஆனால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மின்விசிறியை ஆராய்ந்தார். பெரியப்பா ஒரு முழு டப்பா பிஸ்கட்டை நீட்டினார். வெகுநேரம் அதைப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அது அக்கா வருகிற நாள். ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றவர் விஷயத்தைக் கேட்டார்.

"சார், எல்லாரும் உள்ள போயி அவங்ககிட்டயே பேசலாமா?"

"அவ முன்னாடி இதையெல்லாம் எப்படிம்மா பேசுறது?"

"அவங்களப் பத்தித்தானே சார் பேசுறோம்?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏட்டி, பச்சையாக்கு. ஆனா ஜெபம் கிடையாது!"

எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அத்தை எழுந்து உட்கார முயன்றாள்; அக்கா முதுகுக்குத் தலையணை வைத்தார்.

"அண்ணே, டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன். இன்னொரு சுத்து போட்டா என்ன ஆகும், போடலேன்னா என்ன ஆகும், எல்லாம் தெரியும். எனக்கு வேண்டாம். நான் இங்கதான் இருப்பேன்."

"ஒண்ணும் செய்யாம விட்டுட்டான்னு நாலு பேரு பேசுவாங்கம்மா."

"பேசுறவங்கள என்கிட்ட அனுப்புங்க. வாசல்ல ஆள் போட்டிருக்கேன்."

பெரியப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. கார் காலியாகத் திரும்பியது.

நான் ஹால் முழுக்கக் குதித்தேன். ஆஸ்பத்திரியையே திருப்பி அனுப்பிய குடும்பம் இந்தக் குவார்ட்டர்ஸில் வேறு எது? பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடி, சொல்லிவிட்டு வந்து, மூச்சு வாங்க வாசற்படியில் உட்கார்ந்தேன். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அத்தை ஏன் போகலேன்னு தெரியுமா?"

"ஹவ் அக்கா, தெரியுமே. சரியாயிடுச்சு. உடம்பு சரியில்லாதவங்கதானே ஆஸ்பத்திரிக்குப் போவாங்க? திங்கக்கிழமை கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லப் போறேன்."

அன்று அவர் இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது. வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டார். மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, படியருகே வந்தார்.

என்னைப் பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, நகர்ந்து இடம் கொடுத்தேன்.