கறிவேப்பிலைச் சாடிக்குக் கீழே ஒரு மோட்டார்சைக்கிள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மோட்டார்சைக்கிள் இருந்ததாம். ஏழு வருசமாய் அது அசையவில்லையாம். பழைய மோட்டார்சைக்கிள் திருத்துகிறவனுக்கு எல்லாக் கதையும் இப்படித்தான் தொடங்கும். வண்டியை நிறுத்தி வைத்த நாளைப் பற்றிச் சொந்தக்காரர் அடுத்ததாகச் சொல்லும் வசனமும் மாறாது: நிப்பாட்டேக்கை நல்லா ஓடினது, தம்பி. கராஜில் ஒன்றை மூடி வைத்துக்கொண்டு, வீட்டில் தினமும் பேச்சு வாங்கும் சகோதரங்களே, இது உங்களுக்கு.

தார்ப்பாய்

பென்டில் ஹில்லில் குமரன் அண்ணை வீட்டுக்குப் போனேன். பக்கச் சுவரோடு, ஏழு வருசத்துக்கு முதல் போட்ட தார்ப்பாய். அதன்மேல், சரியாகச் சீற் இருக்கும் இடத்தில், கறிவேப்பிலைக் கன்று நட்ட ஒரு சாடி. உறைபனி விழாமல் வெயில் மட்டும் விழுகிற ஒரே இடம் அதுதானாம். சாடிக்கு ஊற்றிய தண்ணீரில் பாதி ஏழு வருசமாய்ப் பெற்றோல் தாங்கிக்குள் இறங்கியிருந்தது.

அண்ணையின் மனைவி வசந்தி அக்கா குசினி ஜன்னலைத் திறந்து நிபந்தனையைச் சொன்னா. மூன்று கிழமையில் கவுன்சில் லொறி பழைய சாமான் ஏற்ற வருகிறது. அதற்குள் இது ஸ்ரார்ட் ஆனால் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் உடைந்த பிரிட்ஜோடு சேர்ந்து போகும். அண்ணை, ஆஸ்பத்திரி வாசலில் டொக்டரைப் பார்க்கிறமாதிரி என்னைப் பார்த்தார். நான் சாடியைத் தூக்கக் கை வைத்தேன். ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மோட்டார்சைக்கிளை என்னவும் செய்யும். கறிவேப்பிலைக்கு ஏதும் நடந்தா, நீர் இந்தப் பக்கம் வராதையும்."

புளி

தாங்கிக்குள் முழுக்கத் துரு. சனிக்கிழமை மருந்து கொண்டு வருகிறேன், அதுவரை தொடவேண்டாம் என்று அண்ணைக்குச் சொன்னேன். என் குரல் கொஞ்சம் மெல்லியது. அவருக்குக் கேட்கவில்லை போல. குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத்தானே மினுக்குகிறோம் என்று யோசித்திருக்கிறார். இரண்டு பைக்கற் புளியைக் கரைத்து உள்ளே ஊற்றிவிட்டார். துரு போனது, அதை மறுக்கமாட்டேன். புளித் தும்புதான் போகவில்லை. நாலு தரம் கழுவினோம்; நாலு தரமும் இதுதான் கடைசித் தும்பு என்று நம்பினோம்.

என்னோடு வேலை செய்யும் மலேசியாக்காரன் செல்வா, தாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தான்.

"ரசம்தான் லா இது. தாளிக்கிறது மட்டும்தான் பாக்கி."

ரோட்டோரம்

லொறி வருவதற்கு முதல்நாள் பின்னேரம், அக்கா சொன்ன சொல் தவறாமல் எல்லாவற்றையும் வெளியே வைப்பித்தா. பிரிட்ஜ், கால் உடைந்த கதிரை, கடைசியாக மோட்டார்சைக்கிள். அது நின்ற இடத்தில் கறிவேப்பிலைச் சாடியைத் திரும்ப வைத்தா. கழற்றினதெல்லாம் பூட்டி முடித்திருந்தேன், பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது, ஸ்ரார்ட் மட்டும் ஆகவில்லை. மற்றவர்கள் எறிவதைப் பொறுக்கிக்கொண்டு திரியும் ஒரு வெள்ளைக்காரர் வாகனத்தை நிறுத்தி, இது ஓடுமா என்று கேட்டார். அண்ணை குறுக்கே போய் நின்றுகொண்டு, நிப்பாட்டேக்கை ஓடினது என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த மனுசர் இரக்கத்தோடு தலையாட்டினார்.

"தே ஆல் டிட், மேட்." நிப்பாட்டேக்கை எல்லாமே ஓடினதுதானாம்.

புதன்கிழமை காலை

லொறிச் சத்தம் இரண்டு வீதி தள்ளிக் கேட்டது. நான் உதைத்தேன்; அண்ணை உதைத்தார். இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. காபரேற்றரைக் கழற்றினால், ஊசிமுனைத் துவாரத்தில் ஒரேயொரு புளித் தும்பு. ஊதி எடுத்துத் திரும்பப் பூட்டுவதற்குள் லொறி எங்கள் வீதிக்குத் திரும்பிவிட்டது. அண்ணை உதைப்பதை விட்டு, சீற்றைத் தடவத் தொடங்கினார்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தா. கையில் கழுவின தக்காளி சோஸ் போத்தல். அதற்குள் புல்லு வெட்டுகிற மெசினுக்கு வைத்திருந்த பெற்றோல். என்னை விலகச் சொல்லி, காபரேற்றர் வாயில் இரண்டு சொட்டுப் பீச்சினா. வீட்டில் போடுகிற சோட்டிக் கவுனை ஒதுக்கிக்கொண்டு ஒரே ஒரு உதை. பிடித்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில், சனம் மண்ணெண்ணெயில் ஓடினபோது, எஞ்சினுக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இப்படித்தான் எழுப்புவார்களாம். அக்கா அப்போது ரியூசன் கொடுக்க நாலு ஊருக்கு மோட்டார்சைக்கிள் ஓடினவவாம்.

இவ்வளவு தெரிந்தவ ஏழு வருசமும் ஏன் பேசாமல் இருந்தா என்று கேட்டேன். தன்னை ஒருவரும் கேட்கவில்லையே என்றா. நான் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஏறி உட்கார்ந்து கிளட்சைப் பிடித்தா.

"அவரை ஏன் பாக்கிறீர்? அண்ணை அப்பவும் பின்னாலைதான் இருந்தவர். அந்தச் சாடியை எடும், நான் உள்ளுக்கு விடப்போறன்."

பழைய மோட்டார்சைக்கிள் திருத்துவது என்றால், ஓடத் தெரிந்தவர் ஓடிக்கொண்டு போக, சொந்தக்காரர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பின்னால் நடந்து போக, மூன்று கிழமை வேலை செய்தவன் கறிவேப்பிலைச் சாடியோடு நிற்பதுதான்.