பெரட்டுக்குப் பிந்தி வந்த நினைப்பு

என் மனைவி தேயிலைக் கொழுந்து எடுக்கிற காட்டுப் பக்கம் நான் இனி வரக் கூடாது என்று அவள் ஒரு நாள் காலையில் சொல்லிவிட்டாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"இன்னொருக்கா உங்கள அந்தக் காட்டுல பாத்தேன்னா, கொழுந்து வெட்டற கத்தரியக் கொண்டுபோயி ஆபீசுல குடுத்துப்போட்டு வேலைய விட்டு நின்னுக்குவனுங்க. அப்பறம் ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எங்க போறதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

எஸ்டேட் கொடுத்த எங்கள் லைன் வீடு அவள் பேரில் இருக்கிறது. அவள் எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. நான் அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் தற்காலிக ஆள். பறித்து வந்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட வைப்பார்கள். அந்தக் கொழுந்தை அவ்வப்போது கையால் கிளறிப் புரட்டிவிடுவது என் வேலை. ஆகவே அவள் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. அவள் வேலையை விட்டால் எங்களுக்கு வீடு இல்லை.

இதற்கெல்லாம் காரணம் செல்போனில் வந்த ஒரு வீடியோ. காட்டெருமை எங்களுக்குப் புதிதல்ல. அரவேணுவுக்குப் போகிற வழியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட எதிரே தேயிலைக்குள் நின்று மேயும். நாங்கள் எங்கள் பாட்டுக்கு நிற்போம், அது அதன் பாட்டுக்கு நிற்கும். ஆனால் அந்த வீடியோவில் ஒரு காட்டெருமை ஒரு பெண்ணைத் தூக்கி எறிந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. அந்தப் பெண் சேலைக்கு மேலே ஆண்கள் போடுகிற கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாள். என் மனைவியும் வேலைக்குப் போகும்போது என்னுடைய பழைய கட்டம் போட்ட சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு போவாள்.

அன்றிலிருந்து அந்தப் படம் என் தலைக்குள் ஓடத் தொடங்கியது. தொட்டியில் கை வைத்திருப்பேன். வயிற்றில் முதலில் ஒரு இழுப்பு வரும். பிறகு சட்டை தெரியும். பிறகு அந்த முகம் திரும்பும், அது என் மனைவியின் முகமாக இருக்கும். கையை உதறிவிட்டு, லாரி வந்ததா என்று பார்த்து வருகிறேன் என்று யாரிடமாவது சொல்லிவிட்டு, மேல் ரோட்டுக்கு ஓடுவேன். அங்கிருந்து பார்த்தால் காடு முழுவதும் தெரியும். அவள் தலையில் கட்டிய மஞ்சள் துணியைக் கண்டுபிடிக்கிறவரை மூச்சு சரியாக வராது. கண்டுபிடித்ததும் ஒரு நிம்மதி. ஃபேக்டரிக்குத் திரும்பி வருவதற்குள் அந்த நிம்மதி தீர்ந்துபோயிருக்கும்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் என்னை விடவில்லை.

"அக்கோவ், உங்க வாட்ச்மேன் வந்துட்டாருங்கோ!"

"ஏனுங்ணா, எருமைக்கு இன்னைக்கு லீவுங்ளா? நீங்க மட்டும் வந்திருக்கறீங்க?"

"சிரிக்காதீங்கடி. எங்கூட்டு ஆளு சாப்பாட்டுத் தட்டத் தேடித்தான் வருவாரு. அக்காவப் பாரு, மவராசி!"

பெண்கள் கூட்டமாக இருந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவேன். கடைசியில் பெண்களை வேலை வாங்குகிற மேஸ்திரி என் மனைவியைக் கூப்பிட்டு, "உன் புருசன் வந்து நின்னா வேல நின்னு போகுது. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அன்றைக்கு மறுநாள்தான் அந்தத் தோசைப் பேச்சு.

போகாமல் இருந்தேன். போகாமல் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது. செல்போனில் கூப்பிட்டுப் பார்ப்பேன். அந்தக் காட்டில் சிக்னல் கிடையாது என்பது எனக்கே தெரியும். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தக் குரல் சொல்லும்போது, ஒரு கெட்ட செய்தி சொல்வது போலவே இருக்கும். ஒரு நாள் நெஞ்சு இறுகி, இடது கை மரத்து, தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லி இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே மனநலம் பார்க்கிற, கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டார். என் மனைவிதான் சொன்னாள்.

"எருமை வந்து என்னைய முட்டிப்போடும்னு இவருக்கு நெனப்புங்க. வந்தது இல்லீங்க. வருமுன்னு நெனப்பு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

"கவலப்படாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. சொன்னா நிக்குமா?" என்று என்னைக் கேட்டார். நிற்காது என்று நான் தலையை ஆட்டினேன். "அதுக்குன்னு தெனமும் ஒரு நேரம் வச்சுக்குங்க. அப்ப ஒக்காந்து நல்லாக் கவலப்படுங்க. மத்த நேரத்துல வந்துச்சுன்னா, இப்ப இல்ல, நாளைக்கு வான்னு திருப்பி அனுப்புங்க. எந்த நெனப்பு வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்க. இது நடந்ததா, நெனச்சதா? கேட்டுட்டு மூச்ச மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுக்கறதவிட வெளிய விடறது நெடுசா இருக்கணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி திடீரென்று சிரித்தாள்.

"அந்தம்மா சொன்னது உங்க பெரட்டுதானுங்க."

என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். காலையில் தொழிலாளர்களை நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று பிரித்து விடுவதை இங்கே எல்லோரும் மஸ்டர் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெரட்டு என்றுதான் பேச்சு. பெரட்டுக்கு வந்தால் அன்றைய கூலிக்குப் பேர் விழும். பிந்தி வந்தால் பேர் இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, "கோழியைப் பெரட்டறதுங்களா?" என்று கேட்டாள். என் அம்மா சிரித்துச் சிரித்து இருமினார்.

"நீங்களும் நெனப்புகளுக்கு ஒரு பெரட்டு வைங்க," என்றாள். "பிந்தி வந்தா பேரு இல்லைன்னு தொரத்துங்க. இல்லாட்டி நாளெல்லாம் மனசப் போட்டுப் பெரட்டிக்கிட்டேதான் இருப்பீங்க."

அப்படியே செய்தேன். விடிந்ததும் டீயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் போய் உட்காருவேன். ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். காட்டெருமை. நெஞ்சு வலி. மழைக்கு வீட்டுக்குப் பின்னால் மண் சரிவது. திருப்பூரில் இருக்கிற மகன் பைக் ஓட்டுவது. வேலை கொடுக்க முடிந்ததற்கு வேலை கொடுப்பேன். மண் சரிவுக்கு, பின்னால் இருக்கிற ஓடையை மண்வெட்டியால் சுத்தம் செய்வேன். மகனுக்கு ஒரு போன். காட்டெருமைக்குக் கொடுக்க என்னிடம் எந்த வேலையும் இருக்கவில்லை. அது சும்மா நிற்கும். டீ ஆறும்வரை நானும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு எழுந்துவிடுவேன்.

முதலில் எதுவும் மாறவில்லை. கொஞ்ச நாள் போன பிறகு, தொட்டியருகே அந்தப் படம் வரும்போது, "பிந்திட்ட, நாளைக்கு வா," என்று வாய்க்குள் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு இரண்டு கையையும் கொழுந்துக்குள் முழங்கைவரை விடுவேன். மேலே வாடி மெத்தென்று இருக்கும். அடியில் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் குளிர்ச்சியை மட்டும் நினைத்துக்கொண்டு, விசிறிச் சத்தத்தோடு மூச்சை வெளியே விடுவேன். சில சமயம் அது போகும். சில சமயம் போகாது. ஆனால் நான் ரோட்டுக்கு ஓடவில்லை. என் மனைவி தன்னுடன் வேலை செய்கிறவர்கள் பேசிய வம்பை மறுபடியும் சாயங்காலம் என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், வேலை நடுவில் வயிற்றில் அந்த இழுப்பு வந்தது. வழக்கத்தைவிடப் பலமாக வந்தது. இன்று அவளுக்கு ஏதோ ஆகப் போகிறது என்று தோன்றியது. நான் பிந்திட்ட என்றேன். அது நின்றது. பேர் இல்லை, போ என்றேன். போய்விட்டது. எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்து லாரி டிரைவர் உள்ளே ஓடி வந்தான்.

"அண்ணா, அக்காவக் குளவி கொட்டிருச்சுங்ணா. ஜீப்புல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. வாங்க, வாங்க!"

தேயிலைச் செடிக்குள் இருந்த குளவிக் கூட்டில் அவள் கத்தரி பட்டிருக்கிறது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இவள் சரிவில் வழுக்கி விழுந்துவிட்டாள். விழுந்த இடத்தில் மொய்த்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு தடித்திருந்தது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு விடுவதைக் கவனிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அந்த நினைப்பு முன்னாலேயே வந்து சொன்னது. நான்தான் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். பழையபடி பயந்திருந்தால் மேல் ரோட்டில் நின்றிருப்பேன். நின்றிருந்தால் இது நடந்திருக்காது. எப்படி நடந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

வீக்கம் கொஞ்சம் வடிந்து அவள் பேச ஆரம்பித்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"எனக்கு முன்னாடியே தோணுச்சு," என்றேன்.

"என்னங்க தோணுச்சு? குளவியா?"

"இல்ல. உனக்கு என்னமோ ஆகப் போகுதுன்னு. எருமைதான் தெரிஞ்சுச்சு."

தடித்த உதட்டோடு அவள் சிரிக்கப் பார்த்தாள். வலித்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டாள்.

"குளவி என்னைக்காச்சும் உங்க பெரட்டுக்கு வந்துச்சுங்களா? ஒரு நாளாச்சும்?"

"இல்ல."

"அப்பறமென்ன. எருமையையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அது வரவேயில்ல. வந்தது உங்களக் கேட்டுட்டு வரலீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க வந்து நின்னிருந்தா உங்களையும் கொட்டியிருக்கும். பக்கத்துக் கட்டில்ல நீங்க படுத்திருப்பீங்க. எனக்குக் கஞ்சி வாங்கியாற ஆள் இல்லாமப் போயிருக்கும்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. புரிந்தது. புரிந்ததனால் மட்டும் அந்த நினைப்பு போய்விடவில்லை. கஞ்சி வாங்கப் படியிறங்கும்போது அந்த அம்மா சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். நடந்ததா, நெனச்சதா? இதுவரை ஒவ்வொரு தடவையும் நெனச்சது என்று பதில் சொல்லித்தான் தப்பித்து வந்திருந்தேன். இந்தத் தடவை நடந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் அவள் சட்டையை எடுத்து மாட்டினாள். போகாதே என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மஞ்சள் துணியை எடுத்து நீட்டினேன்.

"கத்தரி வைக்கறதுக்கு முன்னால குச்சியில ஒரு தட்டுத் தட்டிப் பாத்துக்க," என்றேன்.

"சரிங்க வாட்ச்மேன்," என்றாள்.

இப்போது என் பெரட்டில் குளவிதான் முதல் ஆள். காட்டெருமை பின்னால் நிற்கிறது. குளவிக்கு அந்தக் குச்சியை வேலையாகக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, ஃபேக்டரிக்குப் போகிற வழியில் மேல் ரோடு பிரிகிற இடத்தில் என் கால் தானாக நின்றது. மூச்சை நெடுசாக வெளியே விட்டேன். நடந்ததா? நடந்தது. இன்றைக்கு நடந்ததா? இன்னும் இல்லை. அந்த இன்னும் என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. அதையும் தூக்கிக்கொண்டே ஃபேக்டரிப் பக்கம் திரும்பினேன்.

மத்தியானம் லாரி வந்தது. டிரைவர் கதவைத் திறந்துகொண்டே உள்ளே பார்த்துக் கத்தினான்.

"அண்ணா, எருமை லீவாம், குளவியும் லீவாம். பொம்பளைங்க சொல்லச் சொன்னாங்க. அக்கா டீ குடிச்சிட்டிருக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் தலையை ஆட்டினேன். கொழுந்துக்குள் இருந்த கைகளை வெளியே எடுக்கவில்லை. அடியில் இருந்த குளிர்ச்சி தட்டுகிறவரை இன்னும் ஆழமாக விட்டேன்.