இருநூறு செங்கல்

எங்கள் ஒழுங்கையில் இன்னொரு தொடர்மாடி எழும்புகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் இதெல்லாம் ஒரு செய்தியே அல்ல. கடலைப் பார்க்கும் வீடு என்று சொல்லி விற்பார்கள். அடுத்த வருடம் அதற்கு முன்னால் வேறொன்று எழும்பும். பிறகு அது அடுத்தவர் குளியலறை ஜன்னலைப் பார்க்கும் வீடாகிவிடும். நேற்றுக் காலை பாண் வாங்கப் போனவள், ஈரச் சீமெந்தின் மணம் மூக்கில் ஏற, அந்த வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஓய்வுபெறும் வயதில் ஒருத்தி சீமெந்தை மோந்துகொண்டு நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அந்த மணம் ஒருமுறை என் மூக்குக்கு நேரே வந்தும் நான் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் அப்போது நான் கட்டட வேலை படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் நியமனம் நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில். படித்தது புவியியல். அதிபர் என் கடிதத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் படித்தார்.

"சொந்த இடம் யாழ்ப்பாணமோ?"

"ஓம் சேர். ஆனா பிறந்து வளந்தது வெள்ளவத்தை."

"பரவாயில்லை, கமம் ரத்தத்தில இருக்கும். விவசாயத்தை எடுங்கோ. நிர்மாணத் தொழினுட்பத்துக்கும் ஆள் இல்லை, அதையும் பாருங்கோ."

என் ரத்தத்தில் இருந்த கமம் பல்கனியில் நின்ற ஒரு கற்றாழை. அதுவும் அம்மா தண்ணீர் ஊற்றியதால் பிழைத்துக் கிடந்தது. செங்கல்லைப் பொறுத்தவரை, அது சிவப்பாக இருக்கும் என்பது தெரியும்.

பள்ளிக்கூடத்தில் மண் கிடையாது. விளையாட்டு மைதானம்கூடச் சீமெந்துத் தரை. எங்கள் வயல், ஆய்வுகூடத்தின் மொட்டைமாடியில் வரிசையாக வைத்த பெயின்ற் வாளிகள். வயலுக்குப் போவதென்றால் இரண்டு மாடி ஏறவேண்டும். கத்தரி காய்த்தால் காகம் முதலில் வந்து ருசி பார்க்கும். பரீட்சையில் நிலத்தைப் பண்படுத்தும் முறையைக் கேட்பார்கள். பிள்ளைகள் நேர்மையாக வாளியைப் பண்படுத்தும் முறையை எழுதிவிட்டு வருவார்கள்.

கட்டட வேலைக்கு இருநூறு செங்கல் இருந்தது. இருநூறுதான், அதற்கு மேல் தரமாட்டார்கள். ஆகவே சீமெந்துக்குப் பதில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து, இரண்டு பாடவேளைக்குள் சுவரைக் கட்டி, நான் தூக்குக்குண்டு பிடித்துப் புள்ளி போட்டதும் பிள்ளைகள் அதை உடைத்து, கல்லைத் துடைத்து, அடுத்த வகுப்புக்காக அடுக்கிவைப்பார்கள். பல வருடம் இப்படிக் கட்டி உடைத்ததில் அந்தக் கற்கள் மூலை தேய்ந்து, பேக்கரிப் பணிஸ் மாதிரி உருண்டுவிட்டன. கட்டுவதில் என் பிள்ளைகள் சுமார்தான். உடைப்பதில் எல்லோருக்கும் அதிவிசேட சித்தி கொடுக்கலாம்.

வர்த்தகத்துக்கும் கணினிக்கும் எடுபடாத பிள்ளைகளைத்தான் எங்களிடம் அனுப்புவார்கள். தானாகக் கேட்டு வந்தது ஒரேயொருத்தி. ரொஷானி, பத்தாம் வகுப்பு, வீடு கொச்சிக்கடை. அப்பா மேசன். சாந்துக் கரண்டி பிடிக்கத் தெரிந்தவள் வகுப்பிலேயே அவள் மட்டும்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"மிஸ், நாங்க கட்டினது ஒண்ணாவது நிக்காதா?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பாள்.

"நிண்டா அடுத்த வகுப்பு எதைக் கட்டும்?" என்பேன்.

அந்த நேரத்தில்தான் கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது. அதிபர் பரபரத்தார். கேற்றடியில் ஒரு சுவர் நிற்கவேண்டும், அதில் 'உழைப்பே உயர்வு' என்று எழுதவேண்டும், மொட்டைமாடி பச்சைப்பசேலென்று இருக்கவேண்டும். அதிகாரி போனபின் சுவரை உடைத்துக் கல்லை எடுக்கலாம். திங்கட்கிழமை பதினோராம் வகுப்பின் செய்முறைப் பரீட்சைக்கு அதே கல் வேண்டும். நான் முடியாது என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. வெள்ளவத்தைக்கு மாற்றம் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் அவருடைய கையெழுத்துக்காக அவருடைய மேசையில்தான் கிடந்தது.

பச்சைக்கு நான் கண்டுபிடித்த வழி வெள்ளவத்தைச் சந்தை. வேரோடு பத்துக் கட்டுக் கீரை வாங்கி, அதிகாரி வரும் வெள்ளிக்கிழமை விடியப் போய் வாளிகளில் நட்டுக்கொண்டிருந்தேன். ரொஷானி படியேறி வந்தாள்.

"மிஸ், கொஞ்சம் நல்லா ஒட்டுற சாமான் போடவா? அப்பாட்ட மிச்சம் இருந்திச்சி."

"ஓம் ஓம், போடு. கெதியாக் கட்டி முடி."

கீழே இறங்கியபோது சுவர் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. சாந்து சாம்பல் நிறமாக இருந்தது. வேறொரு மணமும் அடித்தது. "இண்டைக்குச் சுண்ணாம்பு நல்லாக் குழைஞ்சிருக்கு," என்று பாராட்டினேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அதிகாரி சுவரில் எழுதியிருந்ததை வாசித்தார், சுவரைப் பார்க்கவில்லை. மொட்டைமாடியில் ஒரு கீரையைப் பிடித்து மெல்ல இழுத்தார். கட்டாகவே வந்தது, ரப்பர் பான்ட் சகிதம். நான் ஒன்றை அவிழ்க்க மறந்திருந்தேன். "நல்ல விளைச்சல், மிஸ்," என்று அதைத் திரும்ப வாளியில் குத்தினார். தேநீரும் பற்றிசும் காத்திருந்ததால் விசாரணை அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை சுவரை உடைக்கப் போனால், கல் உடைகிறதே தவிர மூட்டு விடவில்லை. அதிபர் என்னையும் வகுப்பையும் சுவரடிக்கு வரச்சொன்னார். ஆர் சீமெந்து போட்டது என்று கேட்கவும் ரொஷானி முன்னுக்கு வந்தாள்.

"மிஸ் சொல்லியோ போட்டனீர்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்றுதான் நின்றாள். நான் ஓம் என்றிருந்தால் அவள் எங்கள் வகுப்பிலேயே இருந்திருப்பாள். என் விண்ணப்பம் மேசையிலேயே கிடந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது, சேர்," என்றேன்.

சீமெந்து எது, சுண்ணாம்பு எது என்று எனக்குத் தெரியாதது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவளை நடனப் பாடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு கிழமையில் எனக்கு வெள்ளவத்தை கிடைத்தது. உடைக்க முடியாத சுவருக்கு அதிபர் வெள்ளை அடித்து, முன்னால் நின்று படம் எடுத்து, தன் சாதனைகளில் ஒன்றாகப் பாடசாலைச் சஞ்சிகையில் போட்டுக்கொண்டார்.

போன மாதம் ஓய்வூதியத்துக்கு ஒரு கடிதம் எடுக்கக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மொட்டைமாடியில் வாளிகள் இல்லை. விவசாயத்தைச் சுவரளவு திரையில் படமாகக் காட்டுகிறார்களாம். காகத்துக்கு அங்கே வேலையில்லை. கேற்றடியில் சுவரும் இல்லை. கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள்.

"சின்னச் சுவருதானேன்னு தொட்டோம், மிஸ்," என்றார் வாசற்காவலர். "காலையில தொடங்கி பின்னேரம் வரைக்கும் போச்சி. மேசன் பாஸ் ஏசி ஏசி ஒடைச்சாரு. இத யாரு கட்டினதுன்னு கேட்டாரு. எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரொஷானி எண்டு ஒரு பிள்ளை," என்றேன். "பத்தாம் வகுப்பு. நான்தான் சீமெந்து போடச் சொன்னனான்."

அவர் தலையாட்டிவிட்டு, ஹோர்ன் அடித்த காருக்குக் கேற்றைத் திறக்கப் போனார்.