முந்திரிக்கொட்டை நட்ட வரிசை

வனத்துறையின் நடவுக் குழுவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் விழுந்துவிட்டது. லாரி நிற்பதற்குள் குதிப்பாள். மேஸ்திரி சொல்லி முடிப்பதற்குள் "சரிங்க" என்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கடப்பாரையைத் தேடி எடுப்பதற்குள் அவள் வரிசையில் குழி விழ ஆரம்பித்திருக்கும். பெயர் வைத்தவன் ஒரு வாரம் அவள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தான். அவளோ, "கூப்பிட்டுட்டுப் போ, என்ன குறைஞ்சுடுச்சு?" என்று சிரித்துவிட்டாள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட அம்மா ஒருத்திதான் மிச்சம். அவளும் பாதி நாள் "அடியே"யோடு நிறுத்திக்கொள்வாள்.

மழை தொடங்கினால் ஆள் எடுப்பார்கள், மழை நின்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இருபத்தைந்து வயது வரைதான். இளைஞர்களுக்கான திட்டமாம். அந்த வயதுக்கு மேல் யாருக்கும் பசிக்காது என்று திட்டம் போட்ட புண்ணியவானுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிச்ச மாதங்களில் ஜெராக்ஸ் கடை, செருப்புக் கடை, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது என்று அவள் கைக்குக் கிடைத்ததைப் பார்த்தாள். பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவளும் அம்மாவும் இருந்தார்கள். அம்மாவுக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. குழுவில் கொடுத்த பூட்ஸை அறைக்குள் கொண்டுவர அம்மா விடமாட்டாள். அது மாடிப்படியில் சேறும் சகதியுமாகக் கிடக்கும். வீட்டுக்காரர் அதில் தடுக்கி விழப் பார்ப்பார், பிறகு பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்.

அவளுடைய கடைசி மழைக்காலத்தில் புது ரேஞ்சர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷர், கொஞ்சம் அவசரக்காரர். ரோட்டை ஒட்டி மேலேறும் ஒரு மொட்டைச் சரிவைக் காட்டி, "இங்க செடி பிடிச்சுடுச்சுன்னா காவலுக்கு நிரந்தரமா ஒரு வாட்சர் போடச் சொல்லி எழுதுவேன். குழுவுல இருக்கறவங்கள்ல ஒருத்தரத்தான் எடுப்பாங்க. யார் வரிசை நல்லா வருதோ அவங்க பேருதான்" என்றார். சரிவின் உச்சியில் பழைய காடு தொடங்கியது. பெரிய பெரிய மரங்கள்.

நிரந்தரம் என்ற சொல்லை அவள் வீடு வரும் வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது, "கனவு காணாதடி, கண்ணு பட்டுடும்" என்றாள் அம்மா. ஆனாலும் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகத்தான் விழுந்தது.

சரிவு முழுக்கப் பாறையும் முள்ளும். கடப்பாரையைப் போட்டால் கணீரென்று திருப்பி அடிக்கும். காட்டுக்குக் கொஞ்சம் கீழே மட்டும், சரிவின் குறுக்கே, ஒரு பட்டையான இடம் புதர் இல்லாமல் கிடந்தது. மண் மெத்தென்றிருந்தது. முந்திரிக்கொட்டை அல்லவா, முதலில் பார்த்தது அவள்தான்.

"மேஸ்திரி, இந்தப் பட்டை எனக்கு!"

"எடுத்துக்க. சீக்கிரம் முடி, மழை வருது."

அது ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கோடையில் புல் செதுக்க வருவது வேறு குழு, வேறு மேஸ்திரி. நடுகிறவர்களும் செதுக்குகிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. இப்படி ஒரு ஏற்பாட்டை யார் செய்தார்களோ, அவர்கள் வீட்டில் சமைக்கிறவரும் பரிமாறுகிறவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் போலிருக்கிறது.

அவள் நாற்றின் பிளாஸ்டிக் கவரைக் கிழித்து, வேர் மடங்காமல் இறக்கி, குதிகாலால் மண்ணை அழுத்தி, ஒவ்வொன்றாக வைத்தாள். மழை நின்று குழுவைக் கலைத்த பிறகும் செருப்புக் கடையில் லீவு கிடைத்த நாளெல்லாம் பஸ் ஏறி வந்தாள். ஈரம் காயாமலிருக்க ஒவ்வொரு செடியின் காலடியிலும் காய்ந்த புல்லைக் குவித்தாள். பாறையில் வைத்த மற்றவர்கள் செடிகள் ஒவ்வொன்றாகக் குச்சியாயின. அவள் வரிசை மட்டும் இடுப்பளவு எழுந்து, ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைக் கரை போட்ட புடவை மாதிரி தெரிந்தது. ரேஞ்சர் ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டு, "உன் பேருதான்மா" என்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள்.

வயது முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. செடிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று கோடைக் குழுவிலும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்ந்தாள். முதல் நாள் லாரி அந்தச் சரிவில்தான் நின்றது. கோடை மேஸ்திரி இறங்கி, மேலே நிமிர்ந்து பார்த்து, தலையில் கை வைத்தார்.

"எந்தப் புத்திசாலி பயர் லைன்ல செடி வெச்சது?"

பயர் லைன் என்றால் தீத்தடுப்புக் கோடு. காட்டுக்குத் தீ ஏறாமலிருக்க வருஷா வருஷம் புல் பூண்டில்லாமல் செதுக்கி வைக்கும் பட்டை. அதனால்தான் அங்கே புதர் இல்லை, மண் மெத்தென்றிருந்தது. அவள் முன்னால் வந்தாள்.

"நான்தாங்க."

"ஏம்மா, கேட்டிருக்கக் கூடாதா?"

"யாரைங்க கேக்கறது?"

மேஸ்திரி மண்வெட்டிகளை இறக்கச் சொன்னார். "செடிய விட்டுட்டுச் சுத்திச் செதுக்கலாங்க. பச்சையா இருக்கு, எரியாது" என்று அவள் கெஞ்சினாள். அவர் காலால் புல் குவியலைத் தள்ளிக் காட்டினார். எலும்பாகக் காய்ந்திருந்தது. "இது பாலம் மாதிரிம்மா. கீழ பத்திக்கிட்டா இது மேலயே நடந்து காட்டுக்குள்ள போயிடும்." ரேஞ்சருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவள் சொன்னதையெல்லாம் ரேஞ்சர் கேட்டுக்கொண்டார். பிறகு, "லைன் லைனாத்தான் இருக்கணும்மா. காடு எரிஞ்சா என் தலைதான் உருளும்" என்றார்.

"நீ வேணா அந்தக் கோடிக்குப் போயிடு, இத வேற ஆளு பாத்துக்கட்டும்" என்றார் மேஸ்திரி.

"வேணாங்க. நானே பண்றேன்."

வெட்ட மனம் வரவில்லை. வேரோடு மண்ணைச் சேர்த்துப் பெயர்த்து, கோட்டுக்குக் கீழே பாறை இடுக்குகளில் வைத்துப் பார்த்தாள். அந்த வெயிலில் எது நிற்கும்? குடிக்கக் கொண்டுபோன தண்ணீரையும் ஊற்றினாள். அந்த வாரமே எல்லாம் தலை தொங்கிவிட்டன. மிச்சத்தை மண்வெட்டியால் அவளே செதுக்கித் தள்ளினாள். அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. பக்கத்தில் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திக்கொண்டார்கள்.

கோடை முடிவதற்குள் தீ வந்தது. ரோட்டோரம் யாரோ போட்ட சிகரெட் என்றார்கள். சரிவு முழுக்க எரிந்து மேலே ஏறி, அவள் செதுக்கிய கோட்டில் வந்து நின்றது. ஓர் இலை கூடக் காட்டில் கருகவில்லை. ரேஞ்சர் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"சார், அந்த வாட்சர் வேலை..."

"செடியே இல்லாத சரிவுக்கு வாட்சர் கேட்டா மேல சிரிப்பாங்கம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும் சார்."

"அட, ஆமால்ல" என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான். வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளைத் தின்றது. தப்பு செய்திருந்தால் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு ஆறியிருப்பாள். "துணிக்கடைல சொல்லி வெச்சிருக்கேன், புடவை மடிக்கற வேலை" என்றாள் அம்மா. இந்த முறை "அடியே" இல்லாமல், பெயர் சொல்லி.

மறுபடி மழை தொடங்கியது. பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க ஆபீசுக்குப் போனாள். "சரிவுல ஒரு புதுப் பொண்ணு செருப்போட நிக்குது, அதுகிட்டயே குடுத்துடு" என்றார்கள். பஸ் ஏறிப் போனாள்.

புதுக் குழு கோட்டில்தான் நின்றது. அவள் மூச்சிரைக்க ஏறிப் போய், "இது பயர் லைனுங்க, இங்க வைக்காதீங்க" என்றாள். மேஸ்திரி புதியவர்.

"ரேஞ்சர் மாறிட்டாரு. ரோட்டுல இருந்து தெரியற எடத்துல முதல்ல வைக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க யாரு?"

"பூட்ஸ் குடுக்க வந்தேன்."

"கோடைல செதுக்கிடுவாங்க. எல்லாம் போயிடும்" என்று அவளே மறுபடி எச்சரித்தாள். "கோடைக்கு நாங்க இருக்க மாட்டோம்மா" என்று அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

புதுப் பெண் பூட்ஸை மாட்டிக்கொண்டு, குதித்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

"அக்கா, இங்க மண்ணு எவ்ளோ மெத்துனு இருக்கு தெரியுமா! எல்லாரையும் விட நான்தான் முதல்ல முடிச்சேன்."

அவள் அந்த வரிசையைப் பார்த்தாள். அவசரத்தில் வைத்த செடி, சாய்ந்திருந்தது. சும்மா போயிருக்கலாம். கை கேட்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, அதை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணை அழுத்தினாள். அடுத்ததும் சாய்ந்துதான் இருந்தது. பஸ் வரும் வரை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே போனாள்.