சுவரில்லாத கதவு

சாராளுக்கு அந்த நாடகம் முதல் ஒத்திகையிலேயே பிடிக்கவில்லை. விட்டுத்தள்ளவும் முடியவில்லை.

செங்கல்பட்டு தொலைபேசி நிலையத்தில் அவள் ஆபரேட்டர். தொண்ணூற்றாறில் அலுவலக மனமகிழ் மன்ற விழாவுக்கு, கணக்குப் பிரிவு பார்த்தசாரதி ஓரங்க நாடகம் ஒன்றை எழுதினார். கிறிஸ்துமஸ் நாடகங்களில் நடித்தவள் என்று கேள்விப்பட்டு அவளைப் பிடித்துப் போட்டார்.

மேடை நடுவே ஒரு கதவு நிலையோடு நிற்கும். இருபுறமும் சுவர் கிடையாது. கதவில் பூட்டு. பின்னால் நிற்பவள் சாவி கேட்டுக் கெஞ்சுவாள். போகிறவர்கள் வருகிறவர்கள் கதவைச் சுற்றி அவளிடம் வந்து, மழை வருமா, ரேஷனில் சர்க்கரை போட்டுவிட்டார்களா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் கதை.

"அவ ஏன் சார் சுத்தி வரல?" என்று கேட்டாள்.

"எனக்கும் தெரியலம்மா. எவ்வளவு எழுதிப் பாத்தும் வரமாட்டேன்னுட்டா."

இந்தப் பதில் அவளைப் படுத்தி எடுத்தது. ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வரும்போதும் அதே நினைப்பு, குழம்பு கொதிக்கும்போதும் அதே நினைப்பு. மறைமலை நகரில் ஃபிட்டராக இருந்த கணவன் ஜெபக்குமார், ஒரு சுத்தியல் இருந்தால் வேலை முடிந்தது என்றான்.

விழாவில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சுத்தி வாம்மா என்று யாரோ கத்தினார். சாராள் கதவைத் தட்டினாள். தட்டத் தட்ட விரல் முட்டி தோலுரிந்தது. குரல் உடைந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

முன்வரிசையில் இருந்த ஜெபக்குமார் எழுந்தான். விறுவிறுவென்று மேடையேறி, கதவைச் சுற்றிப் போய் அவள் கையைப் பிடித்தான்.

"வா சாரா, வூட்டுக்குப் போலாம்."

நாடகத்தில் இது கிடையாது. போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கால் நகரவில்லை.

"பூட்டிக்கீதுங்க," என்றாள்.

அதைச் சொன்னது நாடகத்துப் பெண்ணா, தானா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அவளையே பார்த்தான். பிறகு வந்த வழியே முன்பக்கம் போய், இரண்டு கையாலும் பூட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். பார்த்தசாரதி பதறிப்போய்த் திரையை இறக்கினார். கைத்தட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

ரயிலில் அவன் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டித்தான் வாய் திறந்தான்.

"தொறந்த வெளிதான். நான் எதுக்குப் போய் அந்தப் பூட்ட இழுத்துகினு நின்னேன்?"

சாராள் அவன் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்து மாமல்லபுரத்தில் போட்டபோது, பார்த்தசாரதி அவனையும் நடிக்கக் கூப்பிட்டார். அவன் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டான். ஆனால் அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் அவள் எங்கே நடித்தாலும் கூடவே போனான். அரங்கத்துக்குள் மட்டும் கால் வைப்பதில்லை. வாசலில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருப்பான்.

உள்ளே வந்து உட்காரலாமே என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"உக்காந்தா எய்ந்து மேடைக்கு வந்துடுவேன்," என்றான்.