சந்தேகமே வராத ஆள்

தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழுதுபார்க்கும் கடையில் மிக்ஸியைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். யாரோ போட்டுவிட்டுப் போன, முதுகு பருத்த பழைய டிவி ஒன்றைக் கடைக்காரர், உயிர் இருக்கிறதா பார்க்கலாம் என்று பிளக்கில் செருகினார். படம் வரவில்லை. வாசம்தான் வந்தது. வருடக்கணக்காகப் படிந்த தூசி சூடேறும் வாசம், கருகாமல் கருகும் வாசம். அதற்குள் எண்ணெய் தடவிய தலைகள் இருந்தன, சேறு காய்ந்த கால்கள் இருந்தன, பீடி இருந்தது, நனைந்த கோணிச்சாக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு ஸ்டூலில், மடக்க முடியாத ஒரு காலை நீட்டியபடி என் அத்தான் இருந்தார். கடைக்காரர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அத்தான் போக வெகுநேரம் ஆயிற்று.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டித் தண்ணீர் பாயும் ஊர். அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் தஞ்சாவூர்க் கல்லூரிக்குப் போய்வந்தேன். அந்த ஊரில் ரேடியோ ரூம் என்று ஒன்று இருந்தது. ரேடியோ போய்ப் பஞ்சாயத்து டிவி வந்த பிறகும் ரேடியோ ரூம்தான். வாசல் கல்வெட்டில் திறந்துவைத்தவரின் பெயர் இருந்தது. ஆட்சி மாறியபோது அந்தப் பெயர் சுண்ணாம்புக்குள் போயிற்று, இன்னொரு முறை மாறியபோது சுரண்டி வெளியே எடுத்தார்கள். எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் இருந்த ஒரே கூரை அது. பகலில் கூலிக்காகவும் குத்தகைக்காகவும் முறைத்துக்கொண்டவர்கள் சாயங்காலம் அங்கே தோள் உரச உட்கார்ந்தார்கள். சாவி அத்தானிடம் இருந்தது. வேறு யாரிடம் இருந்தாலும் ஒரு பக்கம் ஒப்புக்கொண்டிருக்காது.

அவரை ஊர் அம்பயர் என்றுதான் கூப்பிட்டது. ஒரு காலத்தில் நல்ல கபடிக்காரர்; முட்டி போன பிறகு விசில் எடுத்துக்கொண்டார். பாடிப் போகிறவன் மூச்சு எங்கே அறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு காதால் பார்ப்பார். ஒரு பொங்கல் ஆட்டத்தில், காலனிப் பிள்ளைகளுக்கு எதிராகக் கடைசிப் பாட்டுப் பாடிப்போன சொந்தத் தம்பிக்கே, கோடு தொட ஒரு சாண் இருக்கும்போது விசில் ஊதிவிட்டார். மூச்சு விட்டான், அவுட்டு. எங்கள் தெரு தோற்றது. தம்பி ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா கேட்டதற்கு, "மூச்சு அவனுது. நான் என்னா பண்றது?" என்றார்.

அந்த ஊரில் ஆட்டம் தொடங்குமுன் ஒரு வழக்கம் உண்டு. அம்பயர் நடுக்கோட்டில் நின்று, முதலில் ஒரு பக்கமும் பிறகு மறு பக்கமும் திரும்பி, "சம்மதமா?" என்று கேட்பார். இரண்டு அணியும் "சம்மதம்" என்று குரல் கொடுத்தால்தான் விசில் வாய்க்குப் போகும். யாராவது ஒருத்தர் பேசாமல் நின்றுவிட்டால் அம்பயர் வெளியே போய்விட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. அத்தான் கேட்டு யாரும் பேசாமல் நின்றதில்லை.

ரேடியோ ரூமிலும் அவர்தான் நடுவர். வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சி முடிந்ததும் சண்டை தொடங்கும். பழைய பாட்டில் உயிர் இருக்கிறது என்று ஒரு கூட்டம். உயிர் இருக்கிறது, எழுந்து நடக்கத்தான் மாட்டேன் என்கிறது என்று காலனி இளவட்டம். அத்தானுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டால், அம்பயருக்குப் பாட்டு கிடையாது என்பார். ஒருநாள் காலையில் காப்பி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். மடையை வெட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். பழைய பாட்டு ஒன்றின் பல்லவி. அதோடு ஒட்டிப் புதுப் பாட்டு ஒன்றின் சரணம். ராகம் இரண்டுக்கும் சொந்தமில்லாதது.

"கட்சிக்குப் பாதியாப் பிரிச்சுக் குடுத்துட்டீங்களா அத்தான்?" என்றேன்.

மண்வெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "வெளியில சொல்லிடாத. ரெண்டு பக்கமும் அடிப்பானுவ," என்றார்.

வாரத்துக்கு ஒருநாள் துப்பறியும் தொடர் வரும். மலை பங்களா, பணக்காரர், அவர் நெஞ்சில் கத்தி. அரைமணி நேரம் படம் என்றால் அடுத்த வாரம் வரை வழக்கு. நாற்றங்காலில், டீக்கடையில், பேருந்துக்குக் காத்திருக்கும்போது, குற்றவாளி சமையல்காரனா மருமகனா என்று விசாரணை ஓடிக்கொண்டே இருக்கும். இதில் கெட்டிக்காரர் எங்கள் தெரு டெய்லர். போன இரண்டு கதையிலும் முன்கூட்டியே ஆளைச் சொல்லிவிட்டவர். அவரிடம் ஒரே விதிதான் இருந்தது. யார் மேல சந்தேகமே வரலையோ அவன்தான். இந்த முறை குடும்ப டாக்டரைக் கைகாட்டினார். அந்தப் புண்ணியவானையா என்று எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும், சாட்சி இல்லாமல் பேசக் கூடாது, அடுத்த ஆள் பேசட்டும் என்று டெய்லரை உட்காரவைத்தார். டெய்லர் உட்கார்ந்தார். ஆனால் விதி எழுந்தே நின்றது.

வெளியில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. ஊர் நிலத்தில் பாதி, தஞ்சாவூரில் இருந்த மிராசுதாருடையது. அத்தானைப் போல அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதவர்கள் பெயர் தாலுகா ஆபீசில் பதிவாகியிருந்தது. சட்டப்படி கிளப்ப முடியாது. மிராசுதாருக்கு விற்க வேண்டும். அதனால் அவருடைய காரியக்காரர் சைக்கிளில் வீடு வீடாக வந்து, நீங்களாக விட்டுக்கொடுங்கள் என்று நயமாகவும் பயமாகவும் பேசினார். சங்கம் கொடி நட்டது. கூலி கேட்டுக் காலனி நடவுக்குப் போக மறுத்தது. அத்தான் கொடியும் பிடிக்கவில்லை, காரியக்காரர் காலையும் பிடிக்கவில்லை. நிலத்தை விடுவதாகவும் சொல்லவில்லை. காரியக்காரரும் தொடர் பார்க்க ரேடியோ ரூமுக்கு வருவார். மற்றவர்களைப் போலத் தரையில் உட்காரத்தான் அத்தான் அவரையும் சொன்னார், அவரும் உட்கார்ந்தார்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு விடியலில், மதகுப் பக்கத்து வாய்க்காலில் காரியக்காரர் குப்புறக் கிடந்தார். சைக்கிள் கரைமேல் ஸ்டாண்டு போட்டு நின்றது. நெற்றியில் பெரிய காயம்.

போலீஸ் முதலில் காலனிக்குள் போயிற்று. இளவட்டங்கள் மூன்று பேரையும் சங்கத்துக்காரர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுப் பெண்கள் காவல் நிலைய வாசலில் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அடி விழும் சத்தம் ரோடு வரை கேட்டதாகச் சொன்னார்கள். அதே வாரத்தில்தான் தொடரும் முடிந்தது. குடும்ப டாக்டர்தான். ரேடியோ ரூமில் கூரை இடிந்ததைப் போல ஒரு கூச்சல். டெய்லரை ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் டெய்லர் திரும்பி, "அப்ப நம்மூரு கேசுக்கும் அதானே கணக்கு? யாரு மேல சந்தேகமே வரல? நம்ம அம்பயரு மேலதான்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். நானும் அக்காவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம், நாங்களும்தான். அவ்வளவு நல்ல வேடிக்கை அது. ஊரில் அந்த ஒரு ஆள் மேல் போய்ச் சந்தேகம்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நாள் பிடிபடவில்லை. மறுநாள் டீக்கடையில் அதே வேடிக்கையைத் திருப்பிச் சொன்னபோது, காரியக்காரர் பிணமாகக் கிடந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் மதகைத் திறந்தது யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அத்தான்தான் திறந்தார், வயலில் மழைத்தண்ணீர் நின்றால் பயிர் அழுகும், திறக்காமல் என்ன செய்வது. அன்றைக்கு அவர் வேட்டி நனைந்திருந்தது என்றார் இன்னொருவர். ஐப்பசியில் அந்த ஊரில் வேட்டி நனையாத மனிதர் யார்? ஆனால் தொடர் பார்த்துப் பழகிய கண்களுக்கு நனைந்த வேட்டி தனியாகத் தெரிந்தது. சண்டையே போடாதவர் மனதில் என்னென்ன இருந்ததோ. தரையில் உட்காரச் சொன்னாரே, அதில் இல்லாத கோபமா. அவருடைய நேர்மையே இப்போது அவருக்கு எதிரான சாட்சி ஆயிற்று. தம்பிக்கே விசில் ஊதியவர், எதையும் செய்யக்கூடியவர். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் உள்ளே அடிபட்டுக்கொண்டிருந்த காலனி வாய் திறக்கவில்லை. வாய் திறந்தது எங்கள் தெரு. காலனியைத் தாண்டி அடுத்த ஆள் தேடி ஜீப் தங்கள் வாசலுக்கு வந்துவிடுமோ என்று பயந்த தெரு.

காலையில் இட்லிக்கு உட்கார்ந்தவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா நாலைந்து நாள் நிலைய வாசலில் கிடந்தாள். புதிதாக வந்த காரியக்காரர் அங்கேயே வந்து, நிலத்தை விட்டுக்கொடுப்பதாக ஒரு கையெழுத்துப் போட்டால் மிராசுதார் அய்யா இன்ஸ்பெக்டரிடம் பேசுவார் என்றார். அத்தான் உள்ளேயே கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் ஆளை விட்டார்கள். திரும்பி வந்தபோது இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. குளிக்கும்போது அக்காதான் தண்ணீர் ஊற்றினாள். மடை வெட்டும்போது பாட்டுச் சத்தமும் கேட்கவில்லை.

மார்கழியில் டாக்டர் சான்று வந்தது. காரியக்காரருக்கு மாரடைப்பு. விழும்போது மதகுக் கல்லில் நெற்றி அடித்திருக்கிறது. யாரும் யாரையும் கொல்லவில்லை. காலனிப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். வழக்கு முடிந்தது. ஆனால் ஊருக்கு அது முடிவாகத் தெரியவில்லை. இத்தனை நாள் கதை கேட்டவர்களிடம் போய், குற்றவாளியே இல்லை என்றால்? "இதெல்லாம் ஒரு முடிவா?" என்று டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். காசு கொடுத்து எழுதி வாங்கியிருப்பார்கள் என்றார்கள். அத்தானிடம் ஏது காசு என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா அப்போதே அதிராம்பட்டினம் போய்விடலாம் என்றாள். அங்கே அரிசி வியாபாரி ஒருவருடைய கிட்டங்கியில் மூட்டைக்குப் பொறுப்பாள் வேலை இருந்தது. அத்தான் அசையவில்லை. நிலம் போனது போகட்டும் என்றார். "பொங்கல் ஆட்டத்துல நின்னு கேட்டுப் பாத்துடுறேன். சம்மதம்னு சொல்லிட்டானுவன்னா கூலிக்குப் போயாவது இஞ்சயே கெடப்போம்." அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். அக்கா வேட்டியை நீலம் போட்டு வெளுத்து வைத்தாள்.

அறுத்த வயலில் கோடு கிழித்திருந்தார்கள். அத்தான் நடுக்கோட்டுக்கு நொண்டி நடந்து வந்தார். முதலில் காலனிப் பக்கம் திரும்பினார். சம்மதமா? அடிபட்டுத் திரும்பிய மூன்று பேரும் அந்த அணியில் நின்றார்கள். "சம்மதம்" என்று தொண்டை கிழியச் சொன்னார்கள். அவர் எங்கள் தெருப் பக்கம் திரும்பினார். அணித் தலைவன் அவருடைய தம்பி. சம்மதமா? தம்பி குனிந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பின்னால் நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். மண் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

அத்தான் இரண்டாம் முறை கேட்கவில்லை. காரணமும் கேட்கவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கோட்டின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். காலனிப் பிள்ளைகள் ஆட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஊரில் பொங்கல் ஆட்டம் அதோடு நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நாங்கள் இப்போதும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். என் ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது பிள்ளைகள் செல்போனில் பார்த்த கொலைக் கதையைப் பிரித்து மேய்வார்கள். யார் மேல் சந்தேகமே வரவில்லையோ அவன்தான் என்று யாரோ ஒருவர் சொல்லாமல் அது முடியாது. நான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன். அதிராம்பட்டினம் போன அத்தான் அந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. கடல் காற்றில் அவருடைய தோள்வலி கூடிற்று. கிட்டங்கியில், மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பகலில் செத்துப்போனார். தம்பி எடுக்க வந்தான். பேசாமல் வந்து பேசாமல் போனான்.

அவர்கள் கிளம்பியது மாசியில். சம்பா அறுவடைக்கு முன்னால், நிலம் கைமாறப்போகிறது என்று தெரிந்தும், வழக்கம்போல நெல்லுக்குள் உளுந்து தெளித்திருந்தார். யாருக்குத் தெளிக்கிறீங்க என்று அக்கா சத்தம் போட்டதற்கு, ஈரம் வீணாப் போவுமே என்றார். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டு நின்றது. நான் திருக்காட்டுப்பள்ளியில் அவர்களைப் பேருந்து ஏற்றப் போனேன். பாத்திர மூட்டையைக் கூரைமேல் ஏற்றினார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"உளுந்துல ஆடு மேயுது. ஒரு வாரம் பாத்துக்கிட்டா தேறிடும்னு சொல்லிடு."

"யாருகிட்ட சொல்றது அத்தான்?"

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். வண்டி நகர்ந்தது. அவர் நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வயல்ல யாரு நிக்கிறாங்களோ, அவங்ககிட்ட."