பச்சைப் பெட்டியில் விழாத ஓட்டு

என் கணவருக்கு நான் ஓட்டுப் போடவில்லை. போட்டேன் என்று பொய் சொன்னேன். இன்றுவரை அந்தப் பொய்யோடுதான் அவருக்குச் சோறு பரிமாறுகிறேன்.

நீங்கள் என்னைத் திட்டுமுன் இதைக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று வெள்ளைக்காரச் சர்க்கார் சொன்னதும், எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எங்கள் ஊர் முத்தாபுதுப்பேட்டையே சிரித்தது. தேர்தலில் நிற்கப்போகிறவர், ஒரு ஓட்டு கூடட்டும் என்ற ஆசை... அதற்காக மட்டுமா? நான் முதன்முதலில் என் பெயரை எழுதிய சிலேட்டை யாரையும் துடைக்கவிடவில்லை, அந்த மனுஷன்.

படிக்கத் தெரிந்தபின் சும்மா இருப்பேனா? அவர் கட்சிப் பத்திரிகையைப் படித்தேன். குமணன்சாவடிக் கடையில் புளி மடித்துத் தந்த எதிர்க்கட்சி நோட்டீஸையும் படித்தேன். சொத்தோ படிப்போ இல்லாவிட்டாலும் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்றது அது. அவரிடமே கேட்டேன்.

"நம்ம நெலத்துல உழுவுற முனியனுக்கு ஏன் ஓட்டு இல்ல?"

"அவனுக்கு இன்னாத்துக்கு, மே? அவனுக்கும் சேத்துத்தான் நான் கீறேனே."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அப்படியானால் எனக்கும் சேர்த்து அவரே போட்டிருக்கலாமே... என்னை ஏன் படிக்கவைத்தார்?

தேர்தலன்று பூந்தமல்லிக்கு அவரே வண்டியில் அழைத்துப்போனார். திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கொரு நிறத்தில் பெட்டிகள். அவருடையது பச்சை. கை பச்சைவரை போனது... எதிர்க்கட்சியின் மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"போட்டியா, மே?"

"உங்களுக்குத்தான்."

படுதோல்வி. என் ஒரு ஓட்டு அதை மாற்றியிருக்காது. ஜெயித்தவர்களும் முனியனுக்கு ஓட்டு வாங்கித் தரவில்லை. அவருடைய கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக ஜெயித்த பக்கம் தாவினார்கள். சாப்பிடாமல் கிடந்தவர், ஒருநாள் தானாகவே வந்து இலைமுன் உட்கார்ந்தார்.

"போறவன் போவட்டும். எனுக்கு உன் ஓட்டு கீது."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வரவில்லை. ஓட்டு என்னுடையது, அதற்காக நான் வருந்தவில்லை. அவரை நான் உயிராக நேசிக்கிறேன், அதுவும் பொய்யில்லை. பொய், 'உங்களுக்குத்தான்' என்ற அந்த ஒரு சொல்தான்.

மறுபடி தேர்தல் வருகிறது. அவர் நிற்கவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார்:

"இந்தத் தடவ நீ சொல்ற பெட்டியிலதான் நானும் போடுவேன். அன்னிக்கு எனுக்குப் போட்டவளாச்சே நீ."

அவர் இலையில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தேன்.